அகாபுல்கோவில் ஒரு பகல்

கடற்கரைக்கு ஒரு நாள் சென்று வருவோம் என்றால் வேண்டாம் என்பார் உண்டோ? அலையில் கால் நனைப்பதும், ஈர மணலில் வீடு கட்டுவதும், சுண்டல் பொட்டலத்துடன் கரையோரம் அமர்வதும் நம் எல்லோருக்கும் தெரிந்த இன்பங்கள். இந்த இன்பத்தை வெளியூராருக்கு வழங்குவதையே பிழைப்பாகக் கொண்ட ஊர்கள் உலகில் பல உண்டு. அவற்றுள் பெயர் பெற்ற ஒன்று, மெக்சிகோ நாட்டின் அகாபுல்கோ. ஏட்டின் வழியாக ஒரு பகல் அந்த ஊருக்குச் சென்று வரலாம், வாருங்கள். கப்பற் கட்டணம் இல்லை; கடவுச்சீட்டும் வேண்டாம். நிலப்படப் புத்தகம் ஒன்று மட்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

புறப்படுமுன் ஒன்று சொல்லிவிடுகிறோம். ஒரு நாள் விருந்தினரின் கண்ணுக்கு வீட்டின் முன்கூடம்தான் தெரியும், அடுக்களை தெரியாது. ஊர்களுக்கும் அப்படித்தான். விருந்தினரை நம்பியே வாழும் ஓர் ஊரில், விருந்தினர் வராத நாள்களில் அடுப்பு எப்படி எரிகிறது? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டே சுற்றிப் பார்ப்போம்.

மலையிலிருந்து கடலுக்கு

நிலப்படத்தைத் திறவுங்கள். வட அமெரிக்காவின் தென்பகுதியில், பசிபிக் பெருங்கடலின் ஓரம், கெரேரோ என்னும் மாநிலத்தில் அகாபுல்கோ இருக்கிறது. அதன் அட்சரேகையில் விரலை வைத்துக் கிழக்கிலும் மேற்கிலும் ஓட்டிப் பார்த்தால், நம் நாட்டின் காக்கிநாடாவுக்கு அருகில் வந்து சேரும். ஆகவே அங்கும் தென்னையும் மாவும் செழிக்கும், வெயில் கொளுத்தும், ஜூன் முதல் அக்டோபர் வரை மழை பெய்யும். அகாபுல்கோ என்பது அந்நாட்டுப் பழங்குடியினரின் நாவாட்டில் மொழிப் பெயர். நாணல் என்னும் சொல் அதற்குள் அடங்கியிருக்கிறது.

தலைநகரான மெக்சிகோ நகரிலிருந்து அகாபுல்கோ ஏறத்தாழ 380 கிலோமீட்டர். அங்கே விடியற்காலை 5 மணிக்கு நாம் பேருந்தில் ஏறுகிறோம் என்று கொள்வோம். அப்போது நம் ஊரில் மாலை 4.30 மணி, பள்ளி மணி அடித்து எல்லோரும் வீடு திரும்பியிருப்பார்கள். தலைநகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில், அதாவது நம் உதகமண்டலத்தின் உயரத்தில் இருப்பதால், காலையில் குளிர் நடுக்கும். ஆனால் பேருந்து மலைகளைச் சுற்றி இறங்க இறங்கக் கம்பளிச் சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும். 1993-ல் திறக்கப்பட்ட இந்த நெடுஞ்சாலைக்குச் 'சூரியனின் சாலை' என்று பெயர். பொருத்தமான பெயர்தான்!

நான்கைந்து மணி நேரத்தில் கடைசி மலையைக் கடந்ததும் கண்கொள்ளாக் காட்சி ஒன்று விரிகிறது. பிறை வடிவில் நீல விரிகுடா; அதைச் சுற்றி நாடக அரங்கின் படிகள் போல எழும் குன்றுகள். சாந்தா லூசியா விரிகுடா என்பது இதன் பெயர். நீர் ஆழமானது; காற்றும் அலையும் தாக்காதபடி குன்றுகள் காக்கின்றன. பெரிய கப்பல்கள் கரைக்கு மிக அருகில் வந்து நிற்கலாம். 1803-ல் இங்கு வந்திறங்கிய புவியியல் அறிஞர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட், இத்துறைமுகத்தின் இயற்கை அமைப்பை வெகுவாகப் புகழ்ந்தார். ஊரின் கதை முழுவதும் இந்தப் பிறை வடிவ நீரிலிருந்தே தொடங்குகிறது.

கோட்டையும் கப்பலும்

முதலில் நாம் காண வேண்டியது கடலைப் பார்த்து நிற்கும் சான் தியேகோ கோட்டை. ஐந்து முனைகள் கொண்ட நட்சத்திர வடிவம். 1615-ல் டச்சுக் கப்பற்படை ஒன்று இத்துறைமுகத்துக்கு வந்துபோன பின்னர், அச்சத்தால் ஸ்பானியர் இங்கே கோட்டை எழுப்பினர். 1776-ல் நில நடுக்கம் அதைச் சிதைத்தது. மீண்டும் கட்டி முடித்தது 1783-ல். இன்று அது அருங்காட்சியகமாக விளங்குகிறது.

இவ்வளவு பெரிய காவல் எதற்கு? ஒரு கப்பலுக்காக! ஆம், 250 ஆண்டுகள் இந்த ஊர் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ கப்பல்களை எதிர்பார்த்தே வாழ்ந்தது. பிலிப்பைன்ஸ் தீவுகளின் மணிலாவிலிருந்து வந்த கப்பல் அது. மெக்சிகோவும் பிலிப்பைன்சும் அக்காலத்தில் ஸ்பானிய ஆட்சியில் இருந்தன. மெக்சிகோவிலிருந்து மணிலா செல்வது எளிது. வியாபாரக் காற்று பாயைத் தள்ளிக்கொண்டு போகும். மூன்று மாதங்களில் சேர்ந்துவிடலாம். திரும்பி வருவதற்குத்தான் வழி தெரியாமல் இருந்தது. அகுஸ்தீன் சபைத் துறவியும் கடலோடியுமான அந்திரேஸ் தெ உர்தனேத்தா என்பவர், நேர் கிழக்கே வர முயலாமல் வடக்கே ஜப்பான் பக்கம் ஏறி, மேலைக் காற்றைப் பிடித்து, கலிஃபோர்னியாக் கரையை அடைந்து, அங்கிருந்து தெற்கே இறங்கி, 1565 அக்டோபரில் அகாபுல்கோவில் வந்து சேர்ந்தார். காற்று மண்டலங்களைப் படிக்கும்போது 'இது எதற்குப் பயன்படும்?' என்று கேட்கும் தோழியர் இதை நினைவில் கொள்க!

அவ்வழி கிடைத்தாலும் பயணம் எளிதாகவில்லை. நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை கரை காணாத கடல். பசுங்காயும் பழமும் இன்மையால் ஈறுகளில் குருதி கசியும் ஸ்கர்வி நோய் கண்டு பலர் மடிந்தனர். பிழைத்துக் கரை சேர்ந்த கப்பலிலிருந்து சீனப் பட்டு, பீங்கான், நறுமணப் பொருள்கள், இந்தியப் பருத்தித் துணிகள் எல்லாம் இறங்கின. அவற்றுக்கு விலையாக மெக்சிகோவின் சுரங்க வெள்ளி மணிலாவுக்குப் போயிற்று.

அந்த இந்தியத் துணிகளில் ஒரு பகுதி நம் சோழமண்டலக் கடற்கரையில் நெய்தவை. சென்னைக்கும் மணிலாவுக்கும் இடையே அப்போது பெரும் வணிகம் நடந்தது. அவ்வணிகத்தில் பொருள் சேர்த்தவர்களுள் ஒருவர் பெத்ருஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனியர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-ல் பாலம் கட்டியவர் அவரே. பரங்கிமலைப் புனித தோமையார் ஆலயத்திற்குப் படிக்கட்டு அமைத்தவரும் அவரே. மணிலாவில் புழங்கிய வெள்ளி அகாபுல்கோ வழியாக வந்தது. ஆகவே பரங்கிமலைப் படிகளில் ஏறும்போது, பெருங்கடலுக்கு அப்பாலுள்ள இந்த விரிகுடாவையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.

கடல் கடந்து வந்த சிறுமி

கப்பலில் வந்தவை சரக்குகள் மட்டுமல்ல, மனிதரும் வந்தனர். 1614 ஜனவரியில் ஜப்பானியத் தூதர் ஹசெகுரா சுனெனாகா, ஐரோப்பா செல்லும் வழியில், தம் குழுவினருடன் இங்கே கரையிறங்கினார். மெக்சிகோவில் பிறந்த முதல் புனிதரான பிலிப்பு தெ ஹெசூஸ், மணிலாவிலிருந்து தாய்நாடு திரும்பப் புறப்பட்ட கப்பல் 1596-ல் ஜப்பான் கரையில் உடைந்து, அடுத்த ஆண்டு நாகசாகியில் உயிர் துறந்தார். அவர் ஏறிய கப்பல் அகாபுல்கோவை நோக்கிப் புறப்பட்டதேயாகும்.

ஆனால் நம் உள்ளத்தை உருக்குவது வேறொரு பயணியின் கதை. இந்தியாவில் பிறந்த சிறுமி ஒருத்தியைக் கடற்கொள்ளையர் கவர்ந்து சென்றனர். கொச்சியில் அவளுக்கு ஞானஸ்நானம் அளிக்கப்பட்டு கத்தரீனா என்று பெயரிடப்பட்டது. பின்னர் மணிலாவுக்குக் கொண்டு போய் அடிமையாக விற்றார்கள். 1620-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவள் அகாபுல்கோவில் கரையிறக்கப்பட்டு, பியூப்ளா என்னும் உள்நாட்டு நகருக்கு அனுப்பப்பட்டாள். பெற்றோர் முகமும் பிறந்த மண்ணும் இனி இல்லை என்ற நிலையில், நம்மையொத்த வயதுடைய பெண்ணொருத்தி இந்தக் கரையில் கால் வைத்தபோது என்ன நினைத்திருப்பாள்? பிற்காலத்தில் விடுதலை பெற்று, எளிய வாழ்வும் இறைவேண்டலுமாகக் காலங்கழித்து, ஊரார் மதிக்கும் பெரியவளாகி 1688-ல் கண்மூடினாள். ஆசியாவிலிருந்து வந்தவர் அனைவரையும் அக்காலத்தில் 'சீனர்' என்றே அழைத்ததால், 'பியூப்ளாவின் சீனப்பெண்' என்று அவள் இன்றும் அழைக்கப்படுகிறாள். மெக்சிகோப் பெண்களின் பூவேலை செய்த விழாக்கால உடைக்கும் இப்பெயரே வழங்குகிறது. எனினும் அவ்வுடை அவளுக்குப் பிற்பட்ட காலத்தது என்பர் ஆராய்ச்சியாளர்.

அகாபுல்கோ இருக்கும் மாநிலத்துக்குப் பெயர் தந்தவர் விசெந்தே கெரேரோ. அவர் மெக்சிகோவின் குடியரசுத் தலைவராக இருந்து 1829-ல் அடிமை முறையை ஒழித்தார். அடிமைச் சிறுமி வந்திறங்கிய கரை, அடிமைத் தளையை அறுத்தவரின் பெயரைத் தாங்கி நிற்பது நினைக்கத்தக்கது.

சந்தை கலைந்த பிறகு

கப்பல் வந்ததும் அகாபுல்கோவில் பெரிய சந்தை கூடும். தலைநகரிலிருந்து வணிகரும் கோவேறு கழுதைகளும் வந்து குவிவர். சந்தை முடிந்ததோ இல்லையோ, வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி அனைவரும் மலையேறிவிடுவர். 1697-ல் மணிலாக் கப்பலில் வந்திறங்கிய இத்தாலியப் பயணி ஜெமெல்லி கரேரி, பெரிய வணிகத் துறைமுகம் என்று கேள்விப்பட்ட இடம் எளிய மீனவர் சிற்றூராக இருக்கக் கண்டு வியந்து எழுதினார். ஹம்போல்ட் வந்தபோது ஊர் மக்கள் ஏறத்தாழ 4,000 பேர். சந்தை நாள்களில் அது இரு மடங்குக்கும் மேலாகுமாம். வெள்ளியும் பட்டும் இந்த ஊர் வழியாகச் சென்றன, ஊரில் தங்கவில்லை!

1813-ல் பங்குத் தந்தையும் விடுதலைப் போர்த் தலைவருமான ஹொசே மரியா மொரேலோஸ், சான் தியேகோ கோட்டையை மாதக்கணக்கில் முற்றுகையிட்டு ஆகஸ்டில் கைப்பற்றினார். 1815-ல் மணிலாக் கப்பல் வணிகம் முற்றிலும் நின்றது. விருந்தினர் வருகை நின்றதும் ஊர் சோர்ந்து படுத்தது. நாம் முதலில் கேட்ட கேள்விக்கு வரலாறு தரும் முதல் விடை இது.

சாலை வந்தது, உலகம் வந்தது

நூறாண்டுக்கு மேல் ஒதுங்கிக் கிடந்த ஊரை எழுப்பியது 1927-ல் தலைநகரிலிருந்து வந்து சேர்ந்த மோட்டார் சாலை. குடியரசுத் தலைவர் மிகுவேல் அலெமான் ஆட்சியில் (1946–1952) விரிகுடாவின் வளைவை ஒட்டி அகன்ற கடற்கரைச் சாலை அமைந்தது. இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. வானளாவும் விடுதிகள் வரிசையாக எழுந்தன. ஹாலிவுட் நடிகர்களும் செல்வரும் வந்தனர். அமெரிக்கக் குடியரசுத் தலைவராகப் பின்னாளில் விளங்கிய ஜான் கென்னடி, 1953-ல் தம் தேனிலவுக்கு இங்கேதான் வந்தார். 1968-ல் மெக்சிகோ ஒலிம்பிக் விழாவின் பாய்மரப் படகுப் போட்டிகள் இவ்விரிகுடாவில் நடைபெற்றன.

வேடிக்கையான செய்தி ஒன்று. 1963-ல் அகாபுல்கோவின் பெயரைத் தாங்கி ஓர் ஆங்கிலத் திரைப்படம் வந்தது. அதன் நாயகன் எல்விஸ் பிரெஸ்லி படப்பிடிப்புக்காக அவ்வூருக்குப் போகவே இல்லை. அவருடைய காட்சிகள் ஹாலிவுட் அரங்கிலேயே எடுக்கப்பட்டன. முகப்பைப் பார்த்துவிட்டு ஊரைப் பார்த்ததாக எண்ணுவது எவ்வளவு எளிது, பார்த்தீர்களா?

கோட்டையிலிருந்து சற்று நடந்தால் பழைய ஊர்ச் சதுக்கம். நிழல் மரங்களின் கீழ்ப் பெரியவர்கள் அமர்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். காலணி துடைக்கும் தொழிலாளர் நாற்காலி போட்டிருப்பார்கள். சதுக்கத்தின் ஓரத்தில் தனிமை அன்னையின் பேராலயம். நீலமும் மஞ்சளும் பூண்ட அதன் மாடங்கள் வெயிலில் மின்னுகின்றன. சிறிது தூரத்தில் ஒரு வீட்டு மதிலின்மேல், புகழ்பெற்ற ஓவியர் தியேகோ ரிவேரா தம் இறுதி ஆண்டுகளில் வண்ண ஓடுகளாலும் சிப்பிகளாலும் பதித்த பெரிய சிறகு நாகத்தைக் காணலாம். கடலுக்குள்ளும் ஒரு காட்சி உண்டு. ரொக்கேத்தா தீவின் அருகே நீருக்கடியில் குவாதலூப்பே அன்னையின் வெண்கலச் சுரூபம் நிறுவப்பட்டுள்ளது. அடிப்பாகத்தில் கண்ணாடி பதித்த படகில் அமர்ந்து, மீன்கள் சூழ நிற்கும் அச்சுரூபத்தை மக்கள் குனிந்து வணங்குகிறார்கள்.

பாறையிலிருந்து பாய்வோர்

பகல் 1 மணிக்கு 'லா கெப்ராதா' என்னும் இடத்தில் இருந்தாக வேண்டும். இருபுறமும் செங்குத்துப் பாறை; நடுவே கடல் புகுந்து ஓடும் குறுகிய பிளவு. இளைஞர்கள் சிலர் நீந்திச் சென்று, கயிறு இன்றி வெறுங்கையால் பாறையில் ஏறுகிறார்கள். உச்சியில் சிறிய மாதா மாடம் ஒன்று உண்டு. அதன் முன் சிலுவைக் குறியிட்டு வேண்டிக்கொள்கிறார்கள். பிறகு, ஏறத்தாழ 35 மீட்டர் உயரத்திலிருந்து, இரு கைகளையும் விரித்துப் பறவை போல் பாய்கிறார்கள்!

இயற்பியல் படிக்கும் அக்காமார் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். 35 மீட்டர் விழ ஏறத்தாழ 2.7 விநாடி ஆகும். நீரைத் தொடும்போது வேகம் மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல். பிளவில் அலை புகுந்து நிறையும்போதுதான் ஆழம் போதுமானதாக இருக்கும். அலை பின்வாங்கினால் ஆபத்து. ஆகவே நீர் நிறைந்திருக்கும்போது பாய்ந்தால் காலம் தவறிவிடும். அலை வெளியே புறப்பட்டு வரும்போதே, அது உள்ளே சேரும் கணத்தைக் கணித்துப் பாய வேண்டும். பாறையில் மோதாமல் இருக்க முன்னோக்கியும் எம்ப வேண்டும். ஆண்டுக்கணக்கில் தாழ்ந்த பாறையிலிருந்து தொடங்கி மேலே மேலே ஏறிப் பயின்றவருக்கே இது கைவரும். 1934 முதல் காட்சியாக நடைபெற்று வரும் இக்கலை, தந்தையிடமிருந்து மகனுக்கும் மாமனிடமிருந்து மருமகனுக்கும் வந்துகொண்டிருக்கிறது.

காட்சி முடிந்து மக்கள் வெளியேறும் படியருகே, ஈரம் சொட்டச் சொட்ட அதே இளைஞர்கள் நின்று அன்பளிப்புப் பெறுகிறார்கள். கைதட்டியவர்களில் சிலர் காசு தருவர். சிலர் பாராதவர்போல் செல்வர். உயிரைப் பணயம் வைத்தவன் படிக்கட்டில் கையேந்தி நிற்பதைக் கண்டால் நம் மனம் என்னவோ செய்யும். அது பிச்சை அன்று, கூலி என்பதை உணர்ந்தவரே நல்ல விருந்தினர்.

பகலுணவு

பசி வந்துவிட்டதா? இங்கே பெயர் பெற்றது, மீனை நடுவே பிளந்து விரித்து, மிளகாய் அரைத்த சாந்து பூசித் தணலில் சுட்டெடுப்பது. நம் அம்மாக்கள் மசாலா தடவி வறுக்கும் மீனுக்கு இது ஒன்றுவிட்ட உறவு என்றே தோன்றும். வியாழக்கிழமையாக இருந்தால் 'பொசோலே' கிடைக்கும். உமி நீக்கிய பெரிய சோளத்தை இறைச்சியுடன் கொதிக்க வைத்த குழம்புக் கஞ்சி அது. வியாழன்தோறும் பொசோலே உண்பது கெரேரோ மாநிலத்தார் வழக்கம்.

கடற்கரையில் பெண்கள் கூடையில் விற்பது என்ன தெரியுமா? புளி உருண்டை! புளியைச் சர்க்கரையும் மிளகாய்ப்பொடியும் சேர்த்துப் பிசைந்து உருட்டியிருக்கிறார்கள். பள்ளி வாசலில் நாம் வாங்கித் தின்ற புளி மிட்டாய் நினைவுக்கு வரவில்லையா? கூடவே தேங்காய் மிட்டாயும் உண்டு. புளி மெக்சிகோவின் மரம் அன்று. கடல் கடந்து சென்றது. அங்கே 'மணிலா மாம்பழம்' என்று விற்கப்படும் பழமும் அந்தக் கப்பல் வழியில் சென்றதே. நம் சமையலுக்கு உயிரான மிளகாயும், தக்காளியும், நாம் உண்ணும் சீத்தாப்பழமும், பப்பாளியும் அமெரிக்க மண்ணிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றி நம்மிடம் வந்தவை. கொடுத்ததும் பெற்றதும் ஏறத்தாழச் சரியாகவே இருக்கின்றன!

குன்றின் மேல் வாழ்வோர்

இனி முன்கூடத்தை விட்டு அடுக்களைப் பக்கம் வருவோம். 2020-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அகாபுல்கோ நகரில் ஆறரை லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். விடுதியில் படுக்கை விரிப்பவர், பாத்திரம் துலக்குபவர், படகு ஓட்டுபவர், நாற்காலியை வாடகைக்கு விடுபவர் என இவர்களில் பெரும்பாலோர் விருந்தினரை நம்பியவர்கள். மலைக் கிராமங்களில் விளைச்சல் போதாமல் வேலை தேடி வந்தவர்கள் பலர். விரிகுடாவைச் சுற்றிய குன்றுச் சரிவுகளில், ஓடைக் கரைகளில், கிடைத்த இடத்தில் வீடு கட்டினர். 1980-ல் அரசு அவர்களில் ஆயிரக்கணக்கானவர்களைக் குன்றுகளிலிருந்து அகற்றி, மலைக்குப் பின்புறம் 'மறுமலர்ச்சி நகர்' என்று பொருள்படும் புதுக் குடியிருப்புக்கு மாற்றியது. கடற்கரையில் வேலை, கடல் தெரியாத இடத்தில் வீடு! நாள்தோறும் மலையைக் கடந்து வேலைக்கு வந்து போக வேண்டும்.

இதற்கிடையே விருந்தினரின் மனமும் மாறியது. 1970-களில் மெக்சிகோ அரசு மறுகரையில் கான்கூன் என்னும் புதிய உல்லாச நகரை உருவாக்கியது. வெளிநாட்டார் பலர் அங்கே திரும்பினர். 2000-க்குப் பின் போதைப்பொருள் கும்பல்களின் மோதல் அகாபுல்கோவின் அமைதியைக் குலைத்தது. வெளிநாட்டுக் கப்பல்கள் குறைந்தன. இன்று பெரும்பாலும் உள்நாட்டுக் குடும்பங்களே, வார இறுதியில் சோற்று மூட்டையும் பிள்ளைகளுமாக வந்து, கலேத்தா போன்ற பழைய கடற்கரைகளை நிறைக்கின்றனர். ஊர் பிழைத்திருப்பது அவர்களால்தான்.

புயல் வந்த இரவு

அடுக்களைக்கு இன்னொரு அச்சமும் உண்டு. 1997 அக்டோபர் 9-ல் பவுலினா புயல் குன்றுகளின் மேல் கொட்டிய மழை, மண்ணையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு ஓடைகளின் வழியே இறங்கியது. ஓடைக் கரையில் வீடு கட்டியிருந்த ஏழைகளே மிகுதியாக மாண்டனர். அவ்வூரில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். வெள்ளம் எங்கும் பெய்த மழையால்தான் வந்தது. உயிரிழப்போ இடமில்லாமல் ஓடையோரம் ஒதுங்கியவர்களுக்கே வந்தது.

2023 அக்டோபர் 24-ம் நாள் காலையில், ஓட்டிஸ் என்னும் சாதாரணப் புயல் ஒன்று கடலில் இருந்தது. வழியில் கடல் நீர் மிகவும் வெதுவெதுப்பாக இருந்தது. புயலுக்கு உணவு வெந்நீரிலிருந்து எழும் ஆவியே. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அதன் காற்று வேகம் மணிக்கு 185 கிலோமீட்டர் கூடியது. நள்ளிரவைத் தாண்டியதும், மிக உயர்ந்த ஐந்தாம் வகைச் சூறாவளியாக, மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்துடன் அகாபுல்கோவின் அருகே கரையேறியது. ஆயத்தமாக நேரமே இல்லை. விடுதிகளின் கண்ணாடிச் சுவர்கள் பறந்தன, கட்டடங்கள் எலும்புக்கூடுகளாய் நின்றன, குன்றின் மேல் தகரக் கூரைகள் காணாமல் போயின, படகுகள் மூழ்கின. அக்காயம் ஆறும் முன்னே, 2024 செப்டம்பரில் ஜான் என்னும் புயல் நாள்கணக்கில் மழை பொழிந்து ஊரை மீண்டும் வெள்ளத்தில் ஆழ்த்தியது.

விடுதி மூடினால் முதலாளிக்கு நட்டம். படுக்கை விரிக்கும் பெண்ணுக்கோ அன்றைய அரிசியே இல்லை. முதலாளிக்குக் காப்பீடு உண்டு. புளி உருண்டைக் கூடைக்கு எங்கே காப்பீடு? நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இரண்டாம் விடை இது. மணிலாக் கப்பல் நின்றபோது ஊர் பட்டதும், கடற்கரை விடுதிகள் மூடியபோது மக்கள் படுவதும் ஒன்றே. ஒரே வாசலை நம்பிய வீடு, அவ்வாசல் அடைபட்டால் திகைக்கத்தானே செய்யும்? ஆயினும் அம்மக்கள் ஊரை விட்டு ஓடவில்லை. கூரை வேய்ந்தார்கள், படகை மீட்டார்கள், கடைகளைத் திறந்தார்கள்.

நாம் எப்படிப்பட்ட விருந்தினர்?

மாலை வந்துவிட்டது. ஊருக்கு மேற்கே பியெ தெ லா குவெஸ்தா என்னும் நீண்ட மணற்கரையில், பசிபிக் கடலுக்குள் கதிரவன் செம்பழமாக இறங்குகிறான். தலைநகரம் திரும்பும் பேருந்துக்கு நேரமாகிறது. நம் ஒரு நாள் பயணம் முடிகிறது.

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். விருந்தினர் நெடுநாள் தங்கினால் வீட்டாருக்குச் சுமை என்பது அதன் பொருள். அகாபுல்கோ போன்ற ஊர்களுக்கு ஒரு நாள் விருந்தினரும் சுமையாகலாம். அதே விருந்தினர் வரமும் ஆகலாம். எல்லாம் விருந்தினரின் கையில் இருக்கிறது. குப்பையை மணலில் விட்டுச் செல்பவர் சுமை. கூடைக்காரியிடம் அரைக்காசுக்குப் பேரம் பேசிவிட்டுக் குளிரூட்டிய கடையில் கேட்ட விலை கொடுப்பவர் சுமை. 'புவெனோஸ் தியாஸ்' என்று அவர்கள் மொழியில் காலை வணக்கம் சொல்லி, உழைத்தவருக்கு உரியதைக் கொடுத்து, அந்த ஊரின் கதையைக் கேட்டறிந்து செல்பவர் வரம்.

மெக்சிகோவுக்கு நம்மில் எத்தனை பேர் போகப் போகிறோம்? ஒருவேளை யாருமே போகாமல் இருக்கலாம். ஆனால் அடுத்த கோடை விடுமுறையில் ஏதேனும் ஒரு கடற்கரைக்கோ, மலையூருக்கோ, திருத்தலத்துக்கோ அப்பா அம்மாவுடன் நாம் ஒரு நாள் போகத்தான் போகிறோம். அங்கும் விடுதி அறையைக் கூட்டும் அக்கா ஒருவர் இருப்பார்; தேநீர்க் கடையில் குவளை கழுவும் தம்பி ஒருவன் இருப்பான்; வெயிலில் சோழி மாலை விற்கும் பாட்டி ஒருவர் இருப்பார். கடலைப் பார்த்த பின் அவர்கள் முகத்தையும் ஒருமுறை பார்ப்போம். அவர்கள் வீடு எங்கே என்று கேட்போம். பார்த்த ஊரைப் பற்றி அடுத்த ஆண்டு மலரில் எழுதும்போது, அலைகளின் அழகோடு அந்த விடையையும் சேர்த்து எழுதுவோம்.